100 ஜிகாபிட் கார்டும் 64 பைட் பாக்கெட்டும்: ஸ்லாட்டை மாற்றுவதா, கார்டையா, மென்பொருளையா?

100 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டாயிற்று, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினால் 90க்கு மேல் காட்டுகிறது, எல்லோருக்கும் திருப்தி. அப்புறம் ஒரு நாள் டிஎன்எஸ் வெள்ளமோ சின் ஃப்ளட்டோ, அதாவது சின்னப் பாக்கெட்டுகளைக் கொட்டும் தாக்குதல், வருகிறது. கிராஃபில் பார்த்தால் 40 ஜிகாபிட்கூட இல்லை, ஆனால் பாக்கெட்டுகள் கொத்துக்கொத்தாக டிராப் ஆகின்றன. உடனே மூன்று யோசனைகள் மேசைக்கு வரும்: புது சர்வர் வாங்குவோம், வேறு கார்டு போடுவோம், இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தாண்டி, கார்டோடு நேராகப் பேசும் டிபிடிகேக்குப் போய்விடுவோம். மூன்றுமே சரியான வைத்தியமாக இருக்கலாம், மூன்றுமே வீண் செலவாகவும் போகலாம். எது எப்போது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார்டையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பஸ்ஸில் ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை பைட் ஆகிறது என்று காகிதத்தில் கணக்குப் போடாமல் எதையும் வாங்காதீர்கள்.

சின்னப் பாக்கெட் விஷயத்தில் ஜிகாபிட்டைப் பேசிப் பயனில்லை, நொடிக்கு எத்தனை பாக்கெட் என்பதுதான் பேச்சு. ஈதர்நெட்டில் ஆகச் சிறிய ஃபிரேம் 64 பைட். கம்பியில் போகும்போது முன்னால் 8 பைட் பிரியாம்பிள், பின்னால் 12 பைட் இடைவெளி, ஆக 84 பைட். 10 ஜிகாபிட்டில் இது நொடிக்கு 14.88 மில்லியன் பாக்கெட், 100 ஜிகாபிட்டில் 148.8 மில்லியன். அதே 100 ஜிகாபிட்டை 1518 பைட் ஃபிரேமால் நிரப்பினால் 8.13 மில்லியன்தான். ஐபெர்ஃப் உங்களுக்குக் காட்டியது இந்த இரண்டாவது கணக்கை, தாக்குதலில் வந்தது முதல் கணக்கு. நடுவில் பதினெட்டு மடங்கு வித்தியாசம். ஐம்பது கிலோ சர்க்கரையை மூட்டையாகத் தூக்கிக் கொடுத்தாலும் நூறு கிராம் பொட்டலங்களாக மடித்துக் கொடுத்தாலும் எடை ஒன்றுதான், ஆனால் தாளும் நூலும் ஐந்நூறு பொட்டலத்துக்கு வேண்டும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். 10 ஜிகாபிட்டில் இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே 67.2 நானோசெகண்ட், 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றுக்கு அது 200 சைக்கிள். 100 ஜிகாபிட்டில் 6.72 நானோசெகண்ட், வெறும் 20 சைக்கிள். மெயின் மெமரியைத் தொட்டுவிட்டு வரவே இதைவிடப் பல மடங்கு ஆகும்.

சரி, இனி பஸ். பழைய 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ பஸ் மொத்தமே 133 மெகாபைட், அதையும் எல்லாக் கார்டுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும், ஒரே ஒரு ஜிகாபிட் கார்டு வந்தாலே மூச்சு முட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்த பிறகு ஒவ்வொரு கார்டுக்கும் தனி லேன்கள், போகவும் வரவும் தனித்தனிப் பாதை. அதன் மூன்றாம் தலைமுறையான ஜென் 3இல் ஒரு லேன் நொடிக்கு 8 ஜிகாடிரான்ஸ்ஃபர், 16 லேன் சேர்ந்தால் ஒரு திசையில் 126 ஜிகாபிட். 100ஐவிட 126 பெரியது, ஆகவே போதும் என்று பெரும்பாலானோர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். கோளாறு தொடங்குவதே இங்கேதான்.

கார்டுக்கு வந்த 64 பைட் ஃபிரேமில் கடைசி 4 பைட் சிஆர்சி என்ற பிழைச் சோதனை எண். அதைக் கார்டே கழித்துவிடும், மிச்சம் 60. அந்த 60 பைட்டை மெமரியில் எழுத, பஸ்ஸில் ஒரு டிஎல்பி, அதாவது பஸ்ஸின் சொந்தப் பாக்கெட், போக வேண்டும். முகவரியோடு ஹெடர், வரிசை எண், பிழைச் சோதனை, ஃபிரேமிங் எல்லாம் சேர்த்து அதன் மேல்சுமை 24 பைட். கூட்டினால் 84. கம்பியிலும் 84, பஸ்ஸிலும் 84! ஆகச் சிறிய பாக்கெட்டைப் பொறுத்தவரை பஸ் கம்பியைவிட ஒரு பைட்கூடச் சிக்கனம் கிடையாது. 100 ஜிகாபிட் போர்ட் முழுக்க 64 பைட்டாக வந்தால் டேட்டாவுக்கு மட்டுமே பஸ்ஸில் முழு 100 ஜிகாபிட் போய்விடும்.

126இல் ஒப்புகை, ஃப்ளோ கண்ட்ரோல் என்று எட்டு சதவீதம் போல் கழியும், கைக்கு வருவது 116 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா போக மிச்சம் 16 ஜிகாபிட், அதை 148.8 மில்லியனுக்குப் பங்கிட்டால் பாக்கெட்டுக்கு 13 பைட் சொச்சம். பாக்கெட் வந்தது, இன்ன பஃபரில் இருக்கிறது, நீளம் இவ்வளவு என்று கார்டு சிபியுவுக்குச் சொல்லும் கம்ப்ளீஷன் இந்த 13 பைட்டுக்குள் அடங்க வேண்டும். மெல்லனாக்ஸ் கார்டுகளில் ஒரு கம்ப்ளீஷன் 64 பைட், டிஎல்பி மேல்சுமையோடு 88. அதாவது பாக்கெட்டைவிட பாக்கெட் வந்த செய்தி பெரிது. 84 உடன் 88 சேர்த்து 172 பைட் என்று வைத்தால் ஜென் 3, 16 லேனில் 84 மில்லியன் பாக்கெட்டோடு முடிந்தது. எத்தனை கோர் வைத்திருந்தாலும், என்ன மென்பொருள் ஓட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. இந்தச் செய்தியை 16 பைட் டிஸ்கிரிப்டரில் (பாக்கெட் விவரக் குறிப்பில்) எழுதும் இன்டெல் வகைக் கார்டுகளில் நான்கைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதினால் பாக்கெட்டுக்கு 22 பைட், அது பரவாயில்லை, ஆனால் 13க்குள் அதுவும் அடங்காது.

வாங்குவது மட்டும்தான் இது. ஃபயர்வால், ரவுட்டர், லோட் பேலன்சர் என்றால் அனுப்பவும் வேண்டும், அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கார்டு பாக்கெட்டை அனுப்ப வேண்டுமானால் மெமரியிலிருந்து அதைப் படிக்க வேண்டும். படிக்கக் கேட்கும் கோரிக்கையே 24 பைட், அது போவது கார்டிலிருந்து சிபியு பக்கம், அதாவது வந்த பாக்கெட்டுகள் ஏற்கெனவே முண்டியடித்துக்கொண்டிருக்கும் அதே திசையில். 84 உடன் 24 சேர்த்தால் 108 பைட், 148.8 மில்லியனால் பெருக்கினால் 128.6 ஜிகாபிட். கம்ப்ளீஷன் கணக்கில் வராமலேயே 126ஐத் தாண்டிவிட்டது. ஆகவே ஜென் 3, 16 லேனில் ஒரு 100 ஜிகாபிட் போர்ட்டை 64 பைட்டில் இரு திசையிலும் லைன் ரேட்டில் ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், பாக்கெட்டுக்கு ஒரு படிப்பு என்ற முறையில் அது நடக்காது, வேறு ஏதோ வித்தை வேண்டும். அந்த வித்தைகளுக்குக் கீழே வருகிறேன்.

இன்னொரு விஷயம் டேக். பஸ் வழியே மெமரியைப் படித்துத் திரும்ப அரை மைக்ரோசெகண்டிலிருந்து ஒரு மைக்ரோசெகண்ட் வரை ஆகலாம். 600 நானோசெகண்ட் என்று வைத்தால் அதற்குள் 100 ஜிகாபிட்டில் 89 பாக்கெட்டுகள் கிளம்பியிருக்க வேண்டும், ஆக 89 கோரிக்கைகள் ஒரே நேரத்தில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டேக், அதாவது அடையாள எண். எக்ஸ்டெண்டட் டேக் இயக்கப்படாத கார்டுக்கு 32 டேக்தான், இயக்கினால் 256. பயாஸில் யாரோ அணைத்து வைத்த இந்த ஒரே ஒரு பிட், பஸ்ஸில் இடம் இருந்தும் கார்டைச் சும்மா உட்கார வைக்கும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, வாங்கும் முன் பார்க்க வேண்டியது எங்கே மாட்டுகிறது என்பது. லினக்ஸில் கார்டின் விவரம் காட்டும் எத்டூலில் கவுண்டர்களைப் பாருங்கள். மெல்லனாக்ஸ் கார்டாக இருந்தால் ஆர்எக்ஸ் அவுட் ஆஃப் பஃபர் என்ற கவுண்டர் ஏறினால் கார்டு கொடுக்கத் தயாராக இருந்தும் மென்பொருள் பஃபரைத் திரும்பத் தரவில்லை, அதாவது சிபியு மெதுவு. ஆர்எக்ஸ் டிஸ்கார்ட்ஸ் ஃபை ஏறினால் கார்டின் உள்மெமரியே நிரம்பி வழிகிறது, பெரும்பாலும் பஸ் பக்கம் நெருக்கடி. கூடவே ஒரு எளிய சோதனை: கோர்களை இரட்டிப்பாக்குங்கள். பாக்கெட் எண்ணிக்கை கூடினால் சிபியுதான் முட்டுக்கட்டை, அசையாமல் நின்றால் பஸ் அல்லது கார்டு. அப்புறம் பாக்கெட் அளவை 64இலிருந்து 128க்கு ஏற்றிப் பாருங்கள், எண்ணிக்கை அதே இடத்தில் நின்றால் கார்டின் உள் எஞ்சினோ சிபியுவோ ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, அளவுக்கு ஏற்றபடி எண்ணிக்கை இறங்கினால் பைட் போகும் பாதை நிரம்பியிருக்கிறது.

இப்போது வழிகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

ஸ்லாட்டையோ சர்வரையோ மாற்றுவது. இதில் பாதி பேருக்குக் காசே செலவாகாது, ஏனென்றால் கார்டு தப்பான ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும். பார்க்க 16 லேன் நீளம், உள்ளே 8 லேன் மட்டும் இணைத்திருப்பார்கள், சில போர்டுகளில் 4. சில ஸ்லாட்டுகள் சிபியுவில் நேராகச் சேராமல் சிப்செட் வழியாகப் போய் டிஸ்க்கோடும் யுஎஸ்பியோடும் பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும். பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கமாண்டில் லிங்க் கேபபிலிட்டி என்று ஒரு வரி, லிங்க் ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கும், முதலாவது கார்டால் முடிந்தது, இரண்டாவது உண்மையில் நடப்பது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம். அங்கேயே மேக்ஸ் பேலோடு, ரீட் ரிக்வெஸ்ட் அளவு, எக்ஸ்டெண்டட் டேக் எல்லாம் தெரியும். இரண்டு சாக்கெட் (இரண்டு சிபியு) சர்வரில் கார்டு எந்தச் சாக்கெட்டைச் சேர்ந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். 2012இல் ஜியான் இ5 வந்ததிலிருந்து இன்டெல் சர்வர்களில் கார்டு எழுதுவது நேராக எல்3 கேஷில் இறங்குகிறது, அந்த வசதியின் பெயர் டிடிஐஓ. பாக்கெட்டைக் கையாளும் கோர் அடுத்த சாக்கெட்டில் இருந்தால் அந்த லாபம் கைக்கு வராது.

காசு செலவழித்து மாற்றுவதென்றால் ஜென் 4. ஏஎம்டியின் எபிக் ரோம் 2019இலும் இன்டெல்லின் ஐஸ் லேக் ஜியான் 2021இலும் இதைக் கொண்டுவந்தன, 16 லேனில் 252 ஜிகாபிட். 100 ஜிகாபிட் போர்ட் ஒன்றுக்கு மேலே சொன்ன நெருக்கடி கிட்டத்தட்டக் கரைந்துவிடும், கம்ப்ளீஷன் சுருக்காமலே 172 பைட்டுக்கு 168 மில்லியன் வரை இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒன்று, கார்டும் ஜென் 4 ஆக இருக்க வேண்டும். ஜென் 3 கார்டைப் புது சர்வரில் செருகினால் அது ஜென் 3 வேகத்தில்தான் பேசும். இரண்டு, இரட்டைப் போர்ட் கார்டு. ஜென் 4, 16 லேனில் இரண்டு 100 ஜிகாபிட் போர்ட்டையும் நிரப்பினால் ஜென் 3இல் ஒரு போர்ட்டை நிரப்பிய அதே விகிதம், அதே நெருக்கடி. ஜென் 3, 8 லேனில் இரண்டு 25 ஜிகாபிட் போர்ட் போட்டாலும் அச்சு அசலாக அதே விகிதம்தான். ஒரு போர்ட் பழுதானால் மற்றொன்று என்ற காப்புக்காக இரட்டைப் போர்ட் வாங்கினால் தப்பில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் முழுக்க ஓட்டலாம் என்று வாங்கினால்தான் தப்பு.

அடுத்தது சர்வரை அப்படியே வைத்துக் கார்டை மட்டும் மாற்றுவது, அல்லது இருக்கிற கார்டின் வசதிகளை இயக்குவது. பஸ் சுமை பிரச்சினைக்கு என் முதல் சிபாரிசு இதுதான். கம்ப்ளீஷன் கம்ப்ரஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லனாக்ஸ் கார்டில் 64 பைட் கம்ப்ளீஷனை 8 பைட் மினி கம்ப்ளீஷனாகச் சுருக்கிப் பலவற்றைச் சேர்த்து ஒரே எழுத்தில் அனுப்பும் வசதி இருக்கிறது. 88 பைட்டை எட்டுப் பாக்கெட் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 11. நம்மிடம் இருந்த மிச்சம் 13! காகிதத்தில் மயிரிழையில் அடங்குகிறது. நிஜத்தில் பஃபர் டிஸ்கிரிப்டரைப் படிக்கும் கோரிக்கை, வேலை இருக்கிறது என்று சிபியு கார்டைத் தட்டும் டோர்பெல் என்று உதிரிச் செலவுகள் இருப்பதால் முழுதாக அடங்காது. 2018இல் கான்எக்ஸ்ட் நெட்வொர்க்கிங் மாநாட்டில் எக்ஸ்டிபி (கெர்னலுக்குள்ளேயே, டிரைவர் மட்டத்தில் பாக்கெட்டைக் கையாளும் முறை) குழுவினர் வெளியிட்ட அளவீடு இதற்கு நல்ல சாட்சி: கனெக்ட்எக்ஸ் 5 கார்டு, ஜென் 3 சர்வர், எக்ஸ்டிபியும் டிபிடிகேயும் கோர் சேர்க்கச் சேர்க்க நேர்கோட்டில் ஏறி, கம்ப்ரஷன் இயக்கிய பிறகும் 115 மில்லியனில் இரண்டுமே பஸ்ஸில் முட்டி நின்றன. சுருக்காமல் 84, சுருக்கினால் 115. ஒரு ஃபிளாக்கை மாற்றினால் கிடைக்கும் இந்த வித்தியாசத்துக்காகப் புது சர்வர் வாங்கினவர்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இலவசம் என்றாலும் இதற்கு ஒரு விலை உண்டு, சுருக்கியதை விரிக்க சிபியு கொஞ்சம் உழைக்க வேண்டும். இன்னொரு வம்பும் இருக்கிறது: பழைய கெர்னல்களில் ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் இயக்கினால் கம்ப்ரஷன் சத்தமில்லாமல் அணைந்துவிடும். நேரத்தை ஒத்திசைக்கும் பிடிபி டீமன் ஒன்றை யாரோ கிளப்பிவிட, மறுநாள் பாக்கெட் எண்ணிக்கை விழுந்து கிடக்க, காரணம் தெரியாமல் எல்லோரும் எந்த வேலை எந்தக் கோரில் என்ற கோர் அஃபினிட்டியைக் குடைந்துகொண்டிருப்பார்கள். இதைத் தவிர, ஒரு பெரிய பஃபரில் பல பாக்கெட்டுகளை வரிசையாக நிரப்பும் மல்டி பாக்கெட் ரிசீவ் க்யூ, அனுப்பும் திசையில் பாக்கெட்டை டிஸ்கிரிப்டருக்குள்ளேயே வைத்துவிடும் இன்லைன் முறை, பல பாக்கெட்டுகளை ஒரே டிஸ்கிரிப்டரில் கட்டும் முறை எல்லாம் இருக்கின்றன. நான் மேலே சொன்ன வித்தைகள் இவைதான். இன்லைனில் வைத்தால் டிஸ்கிரிப்டரைத் தனியாக, பாக்கெட்டைத் தனியாக என்று இரண்டு தடவை படிக்க வேண்டியதில்லை, டிஸ்கிரிப்டர்களைக் கட்டாகப் படிக்கும்போது பாக்கெட்டும் கூடவே வந்துவிடும், 24 பைட் கோரிக்கை பல பாக்கெட்டுகளுக்குப் பங்காகிவிடும். பாக்கெட்டைக் காப்பி பண்ணும் வேலை சிபியு தலையில் விழும், 60 பைட்டுக்கு அது தாங்கும், 1500 பைட்டுக்குத் தாங்காது.

எல்லாக் கார்டிலும் பஸ்தான் வரம்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். இன்டெல் எக்ஸ்எல் 710 நல்ல உதாரணம்: 40 ஜிகாபிட், ஜென் 3, 8 லேன். 64 பைட்டில் 59.5 மில்லியன் வேண்டும். பஸ் கணக்கைப் போட்டால் டேட்டா போகப் பாக்கெட்டுக்கு 37 பைட் மிச்சம் வருகிறது, வாங்கும் திசையில் இடம் இருக்கிறது. இருந்தும் இந்தக் கார்டு 64 பைட்டில் லைன் ரேட் தராது, கார்டின் உள் எஞ்சினின் வரம்பு அது. அதை எந்த ஸ்லாட்டில் செருகினாலும் ஒன்றுதான், டிபிடிகேயும் காப்பாற்றாது. இரண்டு போர்ட் உள்ள வகையில் இரண்டும் சேர்த்தே 40 ஜிகாபிட் பக்கம்தான், 80 கிடையாது.

மூன்றாவது மென்பொருள். 10 ஜிகாபிட்டிலும் ஒற்றை 25 ஜிகாபிட் போர்ட்டிலும் ஒழுங்கான ஸ்லாட் இருந்தால் பஸ் பிரச்சினையே வராது, அங்கே முட்டுக்கட்டை அனேகமாக எப்போதும் கெர்னல்தான். அதே 2018 அளவீட்டில் ஒரே கோரில் பாக்கெட்டைக் கைவிடும் வேலைக்கு லினக்ஸின் வழக்கமான ஃபயர்வாலான ஐபி டேபிள்ஸின் ரா டேபிள் 4.8 மில்லியன், எக்ஸ்டிபி 24 மில்லியன், டிபிடிகே 43.5 மில்லியன். கைவிடுவது ஆகச் சுலபமான வேலை, உங்கள் நிஜ வேலைக்கு எண்கள் குறையும், ஆனால் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 ஜிகாபிட்டின் 14.88 மில்லியனை எக்ஸ்டிபி ஒரே கோரில் விழுங்கிவிடுகிறது. லூயிஜி ரிஸ்ஸோ 2012இலேயே தன் நெட்மேப் மென்பொருளை வைத்து 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே கோரில் 10 ஜிகாபிட் லைன் ரேட்டைக் காட்டிவிட்டார், ஆக ஹார்டுவேர் போதவில்லை என்ற சாக்கு 10 ஜிகாபிட்டில் எப்போதோ செல்லாமல் போய்விட்டது.

டிபிடிகேக்கா எக்ஸ்டிபிக்கா? ஃபில்டர், டிராப், லோட் பேலன்ஸ் மாதிரி வேலைக்கு நான் எக்ஸ்டிபி பக்கம். ஃபேஸ்புக் 2018இல் திறந்த மூலமாக வெளியிட்ட கட்ரான் லோட் பேலன்சர் எக்ஸ்டிபியில் எழுதியது, அந்த அளவிலேயே அது நிற்கிறது என்றால் நம்முடைய அளவுக்குத் தாராளம். கெர்னல் அப்படியே இருக்கும், ரவுட்டிங் டேபிள் இருக்கும், எத்டூலும் ஐபி கமாண்டும் வேலை செய்யும், டிராஃபிக் இல்லாதபோது சிபியு ஓய்வெடுக்கும். டிபிடிகேயில் கோர் ஒன்று நள்ளிரவில்கூட நூறு சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்டெல் கார்டுகளில் போர்ட்டே கெர்னல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும், ஐபி முகவரிக்கு உரிய கார்டு முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பிகூட நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லனாக்ஸில் கெர்னலும் டிபிடிகேயும் கார்டைப் பகிர்ந்துகொள்ள முடியும், அந்த வகையில் அது கொஞ்சம் நிம்மதி. டிராஃபிக் ஜெனரேட்டர், மொபைல் கோர் மாதிரி பாக்கெட்டைத் தவிர வேறு வேலையே இல்லாத பெட்டி, கூடவே அதைப் பராமரிக்க சி தெரிந்த இரண்டு பேர் நிரந்தரமாக இருப்பார்கள் என்றால் டிபிடிகே எடுங்கள். அந்த இரண்டு பேர் இல்லையென்றால் வேண்டாம். நடுவில் ஏஎஃப் எக்ஸ்டிபி இருக்கிறது, கெர்னல் 4.18இல் வந்தது, யூசர்ஸ்பேஸில் எழுத வேண்டும் ஆனால் கார்டைக் கெர்னலிடமிருந்து பிடுங்க மனமில்லை என்பவர்களுக்கு. டிரைவர் ஜீரோ காப்பி (பாக்கெட்டை நகலெடுக்காமல் கொடுப்பது) தருகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

மென்பொருளை மாற்றினால் பஸ் சுமையும் கொஞ்சம் குறையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாக்கெட்டுக்கு ஒரு டோர்பெல் அடிக்காமல் 32 பாக்கெட்டுக்கு ஒன்று அடித்தால் சிபியுவுக்கும் பஸ்ஸுக்கும் மிச்சம். டிபிடிகே பிறவியிலேயே அப்படி, லினக்ஸ் கெர்னலும் 2014இல் வந்த 3.18இலிருந்து இன்னும் பாக்கெட் வருகிறது, பொறு என்று டிரைவருக்குச் சொல்லக் கற்றுக்கொண்டது. கார்டின் ரெஜிஸ்டரை சிபியு படிப்பது மட்டும் இப்படிக் கட்டாகச் செய்யும் பேட்ச் எல்லாவற்றையும் கெடுக்கும், பதில் வரும் வரை கோர் அப்படியே நின்றுவிடும். இப்போதைய நல்ல டிரைவர்கள் ஓடும் பாதையில் அதைச் செய்வதில்லை, கார்டு மெமரியில் எழுதி வைத்த கொடியைத்தான் பார்க்கின்றன. கார்டு எந்த மெமரியைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஐஓஎம்எம்யுவையும் மறக்காதீர்கள். அது இயங்கும்போது ஒவ்வொரு முகவரியும் மொழிபெயர்க்கப்பட வேண்டும், மொழிபெயர்ப்பை நினைவில் வைக்கும் கேஷ் சிறியது, பஃபர்கள் 4 கிலோபைட் பக்கங்களில் சிதறிக் கிடந்தால் சின்ன டிரான்ஸ்ஃபர்களில்தான் அடி அதிகம் விழும். மொழிபெயர்க்காமல் விடும் பாஸ்த்ரூ வைக்கலாம், இல்லையென்றால் பெரிய பக்கங்களான ஹியூஜ் பேஜ்.

கடைசி வழி, பாக்கெட்டை பஸ்ஸுக்கே வரவிடாமல் செய்வது. தாக்குதல் பாக்கெட்டைக் கைவிடத்தான் போகிறோம் என்றால் அதை மெமரி வரை அழைத்து வந்து கைவிடுவானேன்? கார்டிலேயே ஃப்ளோ ரூல் (எந்த வகைப் பாக்கெட்டை என்ன செய்வது என்ற விதி) எழுதி டிராப் பண்ண பல கார்டுகளால் முடியும், பஸ்ஸில் ஒரு பைட்கூடச் செலவில்லை. ரூல் நிலையானதாக, எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் இதைவிட மலிவான தீர்வு கிடையாது, இருக்கிற கார்டிலேயே முயன்று பாருங்கள். கணிக்கும் திறன் உள்ள கார்டான ஸ்மார்ட்நிக், சர்க்யூட்டையே மாற்றி எழுதக்கூடிய எஃப்பிஜிஏ, பி4 மொழியில் புரோகிராம் எழுதும் ஸ்விட்ச் என்று மேலே போகப் போகத் திறனும் கூடும், அதைச் செய்யும் நிறுவனத்தின் தயவை நம்பியிருப்பதும் கூடும். டோஃபினோ ஸ்விட்ச் சிப்பை நம்பி பி4 எழுதியவர்கள், இன்டெல் 2023 தொடக்கத்தில் அதன் அடுத்த தலைமுறைகளை நிறுத்துவதாக அறிவித்தபோது என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். சிறிய குழுவுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

இந்த மொத்தத் தலைவலியும் உங்களுக்குத் தேவைதானா என்பதையும் பார்க்க வேண்டும். ஐமிக்ஸ் எனப்படும் கலவையில், 64, 594, 1518 பைட் ஃபிரேம்கள் 7, 4, 1 என்ற விகிதத்தில், 100 ஜிகாபிட் நிரம்பினாலும் 32.7 மில்லியன் பாக்கெட்தான் வரும். ஜென் 3, 16 லேனில் அதை ஓட்டுவது சிரமமில்லை. உங்கள் டிராஃபிக் இந்த ஜாடையில் இருந்து, தாக்குதலை மேலே உள்ள ஆபரேட்டர் வடிகட்டித் தருகிறார் என்றால், செகண்ட்ஹேண்டில் கிடைக்கும் ஸ்கைலேக் அல்லது கேஸ்கேட் லேக் (இன்டெல், ஜென் 3) சர்வரும் எக்ஸ்டிபியும் போதும். தாக்குதலை நீங்களேதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் 148.8க்குக் கணக்குப் போடுங்கள், ஜென் 4 சர்வர், ஜென் 4 கார்டு, ஒரு போர்ட். அதற்குப் பணம் இல்லையென்றால் ஒரே 100 ஜிகாபிட் கார்டைப் பிழிவதைவிட இரண்டு ஜென் 3 பெட்டிகளில் ஈசிஎம்பி (சம வழிகளில் டிராஃபிக்கைப் பங்கிடும் முறை) வைத்துப் பிரிப்பது என்னைக் கேட்டால் மேல், ஒன்று விழுந்தாலும் பாதி நிற்கும். தாமதம்தான் உயிர் என்கிற டிரேடிங் மாதிரி வேலைகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது, மேலே புகழ்ந்த பேட்ச், கம்ப்ரஷன் இரண்டுமே பாக்கெட்டைக் கொஞ்சம் காத்திருக்க வைத்துத்தான் லாபம் பார்க்கின்றன.

விற்பவரிடம் பேசும்போது 100 ஜிகாபிட் வருமா என்று கேட்காதீர்கள், வரும் என்பார்கள். நெட்வொர்க் கருவிச் சோதனைக்கான ஆர்எஃப்சி 2544 ஆவணத்தின் பாக்கெட் அளவுகளில், முக்கியமாக 64 பைட்டில், இரு திசையிலும், பல்லாயிரம் ஃப்ளோ வைத்து எத்தனை மில்லியன் பாக்கெட் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த எண் ஒரு போர்ட்டுக்கா, இரண்டும் சேர்த்தா, எந்த ஜெனரேஷன் ஸ்லாட்டில், கம்ப்ரஷன் இயக்கியா இயக்காமலா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். முடிந்தால் கார்டை ஒரு வாரம் கடன் வாங்கி, சிஸ்கோவின் டிரெக்ஸ் ஜெனரேட்டரை வைத்து உங்கள் சர்வரிலேயே ஓட்டிப் பாருங்கள், அவர்கள் லேபில் இருந்தது ஜென் 4, உங்களுடையது ஜென் 3 என்ற சமாச்சாரம் பர்ச்சேஸ் ஆர்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.